பத்து தெத்ரி

எங்கள் கட்டடத்து லிஃப்ட் காசு கேட்கும்.
பத்து தெத்ரி நாணயம் ஒன்றை
அதன் பெட்டி வாயில் போட்டால்தான்
முனகிக்கொண்டு கிளம்பும்.
எட்டாவது மாடி என் வீடு.
குத்தாயிசி நகரத்தில் இருபத்தாறு வருடமாக
ரொட்டி சுடுகிறேன்.

தோனே என்பது மண்ணால் கட்டிய கிணறு,
தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் தணல்.
மாவைப் படகுபோல் நீளமாக இழுத்து
இடுப்புவரை உள்ளே கவிழ்ந்து
சுவரில் அறைந்துவிட்டுப்
புருவம் பொசுங்குமுன் நிமிர வேண்டும்.
போன டிசம்பரில் கவிழ்ந்தேன், நிமிர்ந்தேன்,
சட்டையில் அரைவட்டமாய் ஒரு தீய்ந்த கோடு.
நான் குனிகிற தூரம் மாறவில்லை.
நடுவில் யாரோ வந்து நிற்கிறார்கள்.

நூற்றுப் பதினெட்டு கிலோ.
ரொட்டியை விடு என்பார் டாக்டர் லமாரா,
சண்டைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.
அவர் கேட்டது,
"ஒரு நாளைக்கு எத்தனை தின்கிறீர்கள்?"
எண்ணியதில்லை.
"ஒரு வாரம் எண்ணுங்கள். குறைக்க வேண்டாம்.
எண்ணிவிட்டு வாருங்கள்."

எண்ணினேன்.
உடைந்தது, கருகியது,
வெந்துவிட்டதா பார்ப்போம் என்று கிள்ளியது,
சூடாக இருக்கிறதே என்று ஒரு முனை:
நாலரை ரொட்டி.
மேசையில் உட்கார்ந்து தின்றது ஒன்றுதான்.
மீதியெல்லாம் நின்றபடி.
நின்றுகொண்டு தின்றதை உடம்பு
கணக்கில் எழுதாது என்று
எனக்கு எவன் சொன்னான்?

அப்புறம்தான் தட்டுக்கு வந்தார் டாக்டர்.
பாதி கீரை, கால் பங்கு லோபியோ,
மிச்சக் காலில் உங்கள் ரொட்டி, மகாராஜாவாக.
பட்டினி கிடக்காதீர்கள்,
பட்டினி ராத்திரி பதினொன்றுக்கு
வட்டியோடு திரும்பி வரும்.

படிக்கட்டு என் சொந்த யோசனை.
முதல் நாளே வீம்பாக எட்டு மாடிக்கும் கிளம்பினேன்.
மூன்றாவதில் முழங்கால் இரண்டும்
என் பரம்பரையை இழுத்துத் திட்டின.
நாலாவது மாடி மெதேயா கதவைத் திறந்து
"வலிகோ, செத்தால் உன் வாசலில் போய்ச் சாகு" என்று
நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.
மறுநாள் இரண்டே மாடி. அங்கிருந்து லிஃப்ட்.
அதற்கும் அதே பத்து தெத்ரி, தள்ளுபடி கிடையாது.
இரண்டு வாரம் அப்படியே.
மூன்றாம் வாரம் மூன்று மாடி.
கோமாளி என்று சிரித்தான் மச்சான் ஜும்பெர்,
இளைப்பதற்கென்று அவன் வாங்கிய சைக்கிளில்
இப்போது துணி காய்கிறது.

அவன் மகள் கல்யாணத்தில்
மணமக்களுக்கு, செத்தவர்களுக்கு, சமாதானத்துக்கு,
யாருக்கென்றே தெரியாமல் சிலவற்றுக்கு
பதினேழு முறை எழுந்து கோப்பையைக் காலி செய்தேன்.
சீஸ் ரொட்டி எத்தனை என்று கேட்காதீர்கள்.
அடுத்த நாள் தராசில் இரண்டு கிலோ கூடியிருந்தது.
கெட்டது கெட்டது, இனி எதற்கு என்றது உள்ளே ஒரு குரல்.
அந்தக் குரலுக்கு எப்போதும் பசி.
சுவரிலிருந்து நழுவி ஒரு ரொட்டி
தணலில் விழுந்தால்
அடுத்ததை எடுத்து அறைகிறோம்,
அடுப்பை இடிப்பதில்லை.
அன்றைக்கும் மூன்று மாடி ஏறினேன்,
திராட்சை நாற்றத்தோடு.

ஏப்ரல், மே.
சில வாரம் தராசு கல்லாய் உட்கார்ந்திருக்கும்.
அப்போது அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு
ஊறுகாய் ஜாடியைப் பார்ப்பேன்,
எட்டும் ஏறிவிட்ட நாளில் மட்டும்
லிஃப்டுக்குப் போடாத நாணயத்தை
அதில் போட்டுவைக்கிறாள் நதேலா.
நான் இளைக்கிற வேகத்தைவிட
ஜாடி பெருக்கிற வேகம் அதிகம்.

நேற்று மெதேயா படியில் நிறுத்திப் புலம்பினாள்,
லிஃப்ட் கெட்டு மூன்று நாளாம்,
ஒருத்தனும் வந்து பார்க்கவில்லையாம்.
எனக்குத் தெரியவே தெரியாது.

நூற்று ஒன்பது.
கிணற்றின் விளிம்புக்கும் எனக்கும் நடுவே
ஒரு கட்டைவிரல் இடைவெளி.
சூடான முனையை இன்னும் தின்கிறேன்,
தினம் ஒன்று,
உட்கார்ந்து.